பதினோராம் அறையின் நேர்கோடு

1. போன்

“இன்ஜினியரே, கெளம்பி வா. உன் மிஷின் கரெக்டா இருக்குதுன்னு நாலு பேர் எதுருல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

பேசியவர் ஏகாம்பரம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் ரோட்டில் இருக்கும் பெரிய குடோனுக்கு முதலாளி. நான் இன்ஜினியர் இல்லை, டிப்ளமோ. பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் பதவி இறக்கம் செய்வதாக இல்லை.

கட்டடங்களில் கருவி மாட்டும் தொழிலில் எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மிஷின் கெட்டுவிட்டது என்று கூப்பிடுவார்கள். பேட்டரியை எலி கடித்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். மிஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. 

“இன்னா ஆச்சிங்க?”

“அந்த ஸ்டெல்லா பொண்ணு வம்ப இழுத்து வச்சிருக்குது. ஒண்ணாந் தேதியோட நின்னுக்கச் சொல்லிட்டேன். உன் மிஷின் போட்ட கிராப்புதான் சாட்சி. வா.”

ஸ்டெல்லா மேரி அந்தக் குடோனின் சூப்பர்வைசர். கெமிஸ்ட்ரி படித்தவர், அதிகம் பேசாதவர். அவருடைய கணவர் கால் உடைந்து மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது ஸ்டெல்லாவின் சம்பளம் மட்டும்தான். இது ஏகாம்பரத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பைக்கை எடுத்தேன்.

2. காலியாக இருந்த கட்டடமும் நிறைந்த கட்டடமும்

போய்ச் சேருவதற்கு முன் அங்கே நான் என்ன மாட்டியிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

அந்தக் குடோன் ஒரே நீளமான கட்டடம். உள்ளே பதினெட்டு அறைகள். ஒவ்வொன்றையும் ஒரு வியாபாரியோ விவசாயிகள் குழுவோ வாடகைக்கு எடுத்திருப்பார்கள். நெல் வரும், உளுந்து வரும், விதை மல்லாட்டை வரும். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. அறைக்குள் ஈரப்பதம் எழுபதைத் தாண்டி அப்படியே நின்றால் மல்லாட்டையில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தது விதைக்கு ஆகாது, எண்ணெய்க்கு அனுப்பவும் யோசிக்க வேண்டும்.

அதனால் அறைக்கு ஒரு சென்சார். சோப்புப் பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டி. உள்ளே பேட்டரி, வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சிப், சின்ன ரேடியோ. இதை நோடு என்போம். ஒரு நோடு தன் ரீடிங்கைப் பக்கத்து அறை நோடுக்குச் சொல்லும். அது அடுத்ததற்குச் சொல்லும். கடைசியில் ஆபீஸில் இருக்கும் கேட்வே என்ற தலைமைப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து முதலாளியின் போனுக்குப் போகும். எழுபதைத் தாண்டினால் போனில் அலாரம் அடிக்கும். நடுவில் எங்கும் வயர் கிடையாது.

“வயரே இல்லாம எப்பிடிப்பா பேசும்?” என்று ஏகாம்பரம் ஆரம்பத்தில் கேட்டார்.

“உங்க போன் பேசுதில்லிங்களா?”

“போனுக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்றனே.”

கோடையில், கட்டடம் காலியாக இருந்தபோது மாட்டினேன். ஒவ்வொரு அறையிலும் பின்சுவரின் நடுவில், ஏணி போட்டு ஏறி, உயரத்தில். அறைக்காற்றின் சரியான அளவு அங்கேதான் கிடைக்கும் என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கிறது. பதினெட்டும் முழு சிக்னல். ஏகாம்பரம் வடை வாங்கிக் கொடுத்தார்.

தை பிறந்து சம்பா நெல் வந்தது. லோடுமேன்களின் மேஸ்திரி முனுசாமி ஆட்களை வைத்து அட்டி போட ஆரம்பித்தார். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்குவதுதான் அட்டி. அறை நிறைய நிறைய நோடுகள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. அறுத்த புதிதில் நெல்லில் ஈரம் நிறைய இருக்கும். ஈரம் ரேடியோ அலையைக் குடித்துவிடும். காலி அறையில் பாய்ந்து போன சிக்னல், நெல் அட்டிக்கு முன்னால் படுத்துவிட்டது. போதாக்குறைக்கு ஐந்தாம் அறை நோடை முனுசாமி மூட்டைக்குப் பின்னால் வைத்தே மூடிவிட்டார். அறை காலியானபோதுதான் அது கிடைத்தது.

யோசித்தேன். அட்டி எங்கே வராது? வாசலில் வராது. மூட்டை தூக்கிக்கொண்டு ஆள் நடக்க வழி வேண்டும். ஆகவே பதினெட்டையும் கழற்றி, ஒவ்வொரு அறையிலும் உள்பக்கம், வாசல் நிலையை ஒட்டி, ஆள் முகத்துக்கு நேரே மாட்டினேன். சிக்னல் பிரமாதம். கையேட்டில் இல்லாததைச் செய்துவிட்ட பெருமை எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

3. சாட்சி

நான் போய் இறங்கியபோது கார்த்திகை மழை ஒரு சுற்று பெய்துவிட்டிருந்தது. ராஜகிரி மலைமேல் அடுத்த சுற்றுக்கு மேகம் தயாராக இருந்தது. குடோன் முற்றத்து ஷெட்டுக்குக் கீழே தார்ப்பாய் விரித்து மல்லாட்டை மூட்டைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். சிங்கவரத்து விவசாயிகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பதினோராம் அறை அவர்கள் குழுவுடையது. மார்கழிப் பட்டத்துக்கு விதைக்க வைத்திருந்த மல்லாட்டை.

ஓரமாகச் சில மூட்டைகள் அவிழ்த்துக் கிடந்தன. காய் கறுத்திருந்தது. ஒருவர் அதில் ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, யாரையும் பார்க்காமல் கீழே போட்டார்.

ஏகாம்பரம் எனக்காகக் காத்திருந்த மாதிரி ஆரம்பித்தார். “நேத்து இந்தப் பொண்ணு அடைச்சி வச்ச ரூம தொறந்து, எல்லா மூட்டையும் வெளிய இழுக்க வச்சிருக்குது. கொட்ற மழையில. என்னைக் கேக்கல. கேட்டா உள்ள ஈரமா இருந்திச்சின்னு சொல்லுது. மிஷின் என்னா சொல்லுது? அறுவத்தி ஒண்ணு. ஒரு மாசமா அறுவத்தி ஒண்ணு. அப்ப ஈரம் எங்கருந்து வந்திச்சி? இது கதவத் தொறந்ததாலதான் வந்திச்சி. சொல்லு இன்ஜினியரே, உன் மிஷின் பொய் சொல்லுமா?”

விவசாயிகள் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்த ஒருவர் தயாராக மூலையில் நின்றிருந்தார், கையில் தானிய ஈரம் பார்க்கும் சின்ன மீட்டரோடு.

“நான் தொறக்கறதுக்கு முன்னாடியே நனைஞ்சிருந்திச்சிங்க. பின்சொவருல ஒழுகியிருக்குது” என்றார் ஸ்டெல்லா. 

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஏகாம்பரத்தின் மச்சான் திண்டிவனத்தில் பெரிய கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். அதில் இருக்கும் அத்தனை அறைக்கும் சென்சார் மாட்டும் வேலை எனக்கு வருவதாகப் பேச்சு. மிஷின் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாருக்கும் நல்லது, ஒரு ஆளைத் தவிர. எனக்கு அந்த ஒரு வார்த்தை மேல் ஆசையாகத்தான் இருந்தது.

“கிராஃபைப் பாத்துட்டுச் சொல்றேங்க” என்றேன்.

ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன். பதினோராம் அறையின் வெப்பக் கோடு ஒழுங்காக இருந்தது. பகலில் ஏறும். செஞ்சியில் மலைப்பாறை பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். அதனால் பொழுது போன பிறகும் கொஞ்ச நேரம் ஏறியே நிற்கும், பிறகு இறங்கும். ஈரப்பதக் கோடு மட்டும் அறுபத்தொன்றில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராகப் போனது. மழை நாளிலும் அறுபத்தொன்று. வெயில் நாளிலும் அறுபத்தொன்று. நேற்று கதவைத் திறந்து போட்டபோதும் அறுபத்தொன்று.

அதுதான் எனக்கு இடித்தது. ஸ்டெல்லா கதவைத் திறந்து மழைக்காற்றை உள்ளே விட்டார் என்றால் நேற்றாவது கோடு ஏறியிருக்க வேண்டும். அவரைக் குற்றம் சாட்டுகிற கிராஃபே அவர் கதவைத் திறந்ததைப் பார்க்கவில்லை.

மற்ற அறைகளையும் திறந்து பார்த்தேன். பதினெட்டும் நேர்கோடு. அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்தொன்று. எல்லாக் கோடும் ஒரே நாளில் ஆரம்பித்திருந்தது. அந்த நாளில் எல்லா அறையும் நூறுக்குத் தாவி, பிறகு இரண்டு மூன்று நாளில் மெல்ல இறங்கி, அப்படியே படுத்துவிட்டன.

“இது எந்த நாளுங்க?” என்று ஏகாம்பரத்திடம் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. “அது ஆயுதபூஜைப்பா. அன்னிக்கி பூஜை முடிஞ்சதும் பதினெட்டு ரூமும் ஒண்ணா போன்ல மணி அடிச்சிது. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சி. மிஷினுக்கு உசுரு இல்லன்னு சொல்றாங்களே, அது பூஜைய ஏத்துக்கிச்சிப்பா.”

முனுசாமி தலையை ஆட்டினார். அவரும் கேட்டிருக்கிறார்.

“ரூமுக்குப் போலாங்க” என்றேன்.

4. பொட்டு

பதினோராம் அறையின் நோடு நான் மாட்டிய இடத்திலேயே இருந்தது. அதன் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். நன்றாகக் காய்ந்து, ஓரத்தில் ஒரு சாமந்தி இதழும் ஒட்டியிருந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்த வெள்ளைப் பெட்டியின் நடுவில் வட்டமாக ஒரு சின்ன ஓட்டை உண்டு. மேலே மெல்லிய சவ்வு. அறைக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போய் சிப்பைத் தொடும். பெட்டியை வடிவமைத்தவர் ஆயுதபூஜை இல்லாத ஊர்க்காரராக இருக்க வேண்டும். வெள்ளையாக ஒரு முகம், நடுவில் ஒரு வட்டம், அதுவும் வாசல் நிலையை ஒட்டி, கைக்கு எட்டுகிற உயரத்தில். சந்தனக் கிண்ணத்தோடு வருகிறவர் வேறு எங்கே வைப்பார்? பின்சுவரில் ஏணி உயரத்தில் இருந்தவரை அதற்கு ஆபத்து இல்லை. கீழே கொண்டுவந்தவன் நான்.

ஈரச் சந்தனம் ஓட்டையை மூடியதும் சிப்புக்கு நூறு சதவீத ஈரம். அதுதான் அந்த மணி. சந்தனம் காய்ந்ததும் உள்ளே மாட்டிக்கொண்ட கொஞ்சம் காற்றை மட்டும் சிப் அளந்துகொண்டே இருந்தது. அதுதான் அறுபத்தொன்று.

“இது யாரு வச்சதுங்க?”

“நானே வச்சேன். லாரி, எடை மேடை, கொக்கி எல்லாம் முனுசாமி பாத்துக்கிட்டான். புது மிஷினு, இது மட்டும் வேற யாருகிட்டயும் குடுக்கல” என்றார் ஏகாம்பரம்.

அறைக்குள் காற்று வர வழி விட வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவரையும் முனுசாமியையும் வெளியே அனுப்பிவிட்டு ஸ்டெல்லாவைக் கேட்டேன். “உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும் சார். நாலாம் நாளே கோட்டப் பாத்துக் கண்டுபுடிச்சிட்டேன்.”

“ஏன் சொல்லல?”

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “மொதலாளி கையால வச்ச பொட்டு சார். நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. பூஜை அன்னிக்கி நான் ஆபீஸ்லயே ஒக்காந்துக்கிட்டேன். பொரி, சுண்டல் குடுத்தாங்க, சாப்ட்டேன். அதோட என் எல்ல முடிஞ்சிது. நான் போயி அதத் தொடைச்சேன்னு வையுங்க, மிஷினுக்காகத் தொடைச்சேன்னா பேசுவாங்க? வாயால சொன்னாலும் அதே கததான். அதான் தெனம் காலைல மீட்டர எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமா நானே போனேன். இந்த ரூம்ல கைக்கு எட்டுற முன்வரிச மூட்டைல மல்லாட்ட ஈரமாயிருச்சின்னு நேத்துதான் காட்டிச்சி. பின்சொவருகிட்ட இருந்த மூட்டைங்க அதுக்குள்ள போயிட்டுது. மீதிய இழுத்துட்டேன்.”

“இப்ப வேலையே போவுதே?”

“அதுக்குன்னு அதத் தொடச்சிட முடியுமா சார்?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏகாம்பரம் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. என் பெட்டிக்கு இவ்வளவு மரியாதை வேறு யாரும் செய்ததில்லை. ஆனால் அந்த மரியாதையின் விலையாக ஒரு பெண் வேலையை விட்டுப் போகத் தயாராக நின்றுகொண்டிருந்தார். திண்டிவனத்து மண்டபத்தை அந்த அறையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

5. இரண்டு பெட்டி

சொன்னால் கேட்கமாட்டார் என்று தெரியும். பையில் புதிதாக ஒரு நோடு இருந்தது. அதை ஆன் செய்து, பழையதற்குப் பக்கத்திலேயே நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஏகாம்பரம், முனுசாமி, விவசாயிகள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு ரீடிங்கும் ஏகாம்பரத்தின் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தது.

டீ வந்தது. குடித்தோம். புதியது ஏறிக்கொண்டே போய் எண்பத்திநாலில் நின்றது. பழையது அறுபத்தொன்று.

“புதுசுதான் தப்பா இருக்கும்” என்றார் ஏகாம்பரம்.

என் துண்டை நனைத்துப் பிழிந்து இரண்டு பெட்டிமேலும் போட்டேன். புதியது தொண்ணூறைத் தாண்டியது. அலாரம் அடித்தது. பழையது அறுபத்தொன்று.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கி, “சந்தனமா?” என்றார்.

“ஆமாங்க.”

“சந்தனம் குளிர்ச்சிப்பா. அது எப்பிடி கெடுக்கும்?”

“கெடுக்கலீங்க. மூக்க அடைச்சிருக்குது. பின்சொவரு ஒழுகி ரூமே நனைஞ்சிருக்குது, இதுக்குத் தெரியவே இல்ல. இவங்க நடந்து பாத்ததாலதான் மீதி மூட்ட பொழைச்சிருக்குது.”

 முனுசாமி கூரையில் எதையோ தேடினார்.

“சரி, தொடைடா முனுசாமி” என்றார் ஏகாம்பரம்.

“மொதலாளி, நீங்க வச்சது. எங்க வீட்ல தையில கல்யாணம் வச்சிருக்குது” என்றார் முனுசாமி. தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் போனார். விவசாயிகள் மழை வருமா என்று பார்க்க வெளியே திரும்பினார்கள். எனக்குத் திடீரென்று பையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தேட வேண்டியிருந்தது.

ஏகாம்பரம் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். கடைசியில் அவர் கண் ஸ்டெல்லாவிடம் போய் நின்றது. அவருக்கு வழி கிடைத்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

“ஸ்டெல்லாம்மா, நீ தொடைச்சிடு. உனக்கு தோசம் கெடையாது.”

 ஸ்டெல்லா ஆபீஸுக்குப் போய் மேசை டிராயரிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்து வந்தார். ஒரு மாதமாக அங்கே தயாராக இருந்திருக்கிறது. பொட்டு தரையில் விழாமல் தாளில் பெயர்த்து எடுத்தார். இதழையும் எடுத்தார். பிறகு துடைத்தார். பதினெட்டு அறையும் முடிந்ததும் தாளை மடித்து ஆபீஸில் சாமி படங்களுக்கு முன்னால் வைத்தார். நான் பின்னாலேயே போய்ச் சவ்வு கெட்டுப்போன பெட்டிகளுக்கு மூடி மாற்றினேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஏகாம்பரத்தின் போனில் நாலாம் அறை அலாரம் அடித்தது. இந்த முறை யாருக்கும் உடம்பு சிலிர்க்கவில்லை. முனுசாமி ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார்.

6. பிறகு

ஏகாம்பரம் முற்றத்துக்கு வந்து விவசாயிகளிடம் பேசினார். “இன்ஜினியரு மாட்டுன எடம் சரியில்லப்பா. அதான் மிஷின் ஏமாந்துபோச்சி. இந்தப் பொண்ணு மட்டும் இல்லன்னா மொத்தமும் போயிருக்கும்.” சந்தனம் என்ற வார்த்தை வரவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது.

கறுத்த மூட்டைகள் போனது போனதுதான். அதற்கு ஏகாம்பரம் வேறு விதை பார்த்துக் கொடுத்தார். மீதியை ஈரச் சாக்கில் முளைப்பு கட்டிப் பார்த்தார்கள். நன்றாக முளைத்தது. சிங்கவரத்தில் மார்கழியில் விதைத்தார்கள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா கேட் வரை வந்தார். “முடிவா உங்க வேல இன்னா ஆச்சி? அவரு ஒண்ணும் சொல்லலியே” என்று கேட்டேன்.

“தோசம் கெடையாதுன்னு சொன்னாரே சார், பொட்டத் தொடைக்க அவருக்கு என்ன விட்டா ஆளு ஏது, அப்பவே தெரிஞ்சிபோச்சி வேல இருக்குதுன்னு” என்றார். சிரிக்காமல் சொன்னார். ஒண்ணாந் தேதி வந்தது, போனது. அதைப் பற்றி ஏகாம்பரம் வாயே திறக்கவில்லை.

திண்டிவனத்து மண்டப வேலை எனக்கு வரவில்லை. எனக்கு இடம் பார்த்து மாட்டத் தெரியாது என்று மச்சானிடம் சொல்லப்பட்டிருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திரையில் கோடு நேராகப் போனால் நிம்மதியாக டீ குடிக்கப் போகாதீர்கள். ஆள் புழங்குகிற எந்த அறையும் அப்படி இருக்காது. எழுந்து போய் அறையைப் பாருங்கள். அதைவிட முக்கியம், தினமும் அந்த அறைக்குள் போய் வருகிற ஆள் யார் என்று கேட்டு, அவரிடம் முதலில் பேசுங்கள். அவர் வாயைத் திறக்க முடியாத காரணம் ஒன்று இருக்கலாம். அது கையேட்டில் இருக்காது. சிக்னல் எங்கே கிடைக்கும் என்று பார்க்கும்போதே வருடத்தில் என்னென்ன நாளில் யார் கை அங்கே வரும் என்றும் பாருங்கள்.

அடுத்த ஆயுதபூஜைக்கு முன்னேற்பாடாக ஒரு காலிப் பெட்டி கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் மாட்டினேன். உள்ளே சிப் கிடையாது, பேட்டரி கிடையாது. பூஜைக்கென்றே ஒன்று. ஏகாம்பரம் அதற்குப் பொட்டு வைத்து, பூப் போட்டு, கற்பூரம் காட்டினார். நான் மூச்சு விட்டேன். அவர் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் நேராக அறைகள் பக்கம் நடந்தார். நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன்.

முதல் அறை வாசலில் நின்றுவிட்டார். விரலில் சந்தனம் இருந்தது. திரும்பி ஆபீஸ் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

“ஸ்டெல்லாம்மா, எங்க வைக்கிறது?”

வழக்கம்போல பூஜை முடியட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா எழுந்து வந்தார். பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுக் காட்டினார். “இங்க வையுங்க. இங்க ஓட்ட இல்ல.”

ஏகாம்பரம் அங்கேயே வைத்தார். அடுத்த அறைக்கும் ஸ்டெல்லா வராமல் அவர் போகவில்லை. பதினெட்டு அறையும் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் காட்டினார், இவர் வைத்தார்.

முடித்துவிட்டு வந்து ஏகாம்பரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

“இந்த வருசம் மணி அடிக்கலியேப்பா” என்றார் என்னிடம்.

ஸ்டெல்லா அவர் முன்னால் சுண்டல் தட்டை வைத்துவிட்டு, மீட்டரை எடுத்துக்கொண்டு அறைகளைப் பார்க்கப் போனார்.